புல்லட்டுக்கு எந்த கார்புரேட்டர்?

தில்லி கரோல் பாகில் பழைய புல்லட் உதிரி பாகங்கள் விற்கும் தெருவுக்கு ஒருவர் தன் 350 சிசி வண்டியோடு வருகிறார். 1980-களில் வாங்கியது. காலையில் கிளம்பப் பத்து உதை. சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது. “கார்புரேட்டர் போச்சு. 28 போட்டுடுங்க, வண்டி பறக்கும்” என்று யோசனை வருகிறது.

பறக்காது. கார்புரேட்டரின் காற்றுக்குழாய் விட்டம்தான் அந்த எண். அக்கால 350 புல்லட்டில் பெரும்பாலும் இருப்பது மிக்கார்ப் வி.எம்.24, அதாவது 24 மில்லிமீட்டர். 500-க்கு வி.எம்.28. இன்னும் பழைய வண்டிகளில் அமல் இருக்கும். குழாய் பெரிதானால், குறைந்த வேகத்தில் காற்றின் ஓட்டம் மந்தமாகி பெட்ரோலைச் சரியாக உறிஞ்சாது. ஊருக்குள் ஓட்டுபவருக்கு பிக்கப் போய்விடும்.

எனவே முதல் வேலை, வண்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்ப்பது. கைமாறி வந்த வண்டியில் யார் எதை மாட்டினார்களோ! உடல் பகுதியில் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். அழிந்திருந்தால் வெர்னியரால் குழாயை அளக்கலாம்.

அடுத்து, கோளாறு எங்கே? ஆக்சிலேட்டரின் ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு பாகம் வேலை செய்கிறது. ஐட்லிங்கில் பைலட் ஜெட், நடு வேகத்தில் நீடில், முழுத் திருப்பில் மெயின் ஜெட். சிக்னலில் மட்டும் அணைந்தால் சந்தேகம் பைலட் ஜெட் மேல், பெரும்பாலும் அடைப்புதான். பெட்ரோல் வழிந்தால் ஃப்ளோட் வால்வு. ஸ்லைடு தேய்ந்து ஆடினால் அதன் ஓரமாகக் காற்று நுழையும், ஐட்லிங் நிற்காது. உடலும் சேர்ந்து தேய்ந்திருந்தால்தான் புது கார்புரேட்டர் தேவை. மற்றவற்றுக்கு ரிப்பேர் கிட் போதும்.

புதிதாக வாங்கினால் அதே அளவு, அதே வகை. வேறு கம்பெனியின் ஜெட் எண்ணை அப்படியே ஒப்பிடக் கூடாது. அமலில் எண் நிமிடத்துக்கு எத்தனை சிசி பெட்ரோல் பாயும் என்பதைச் சொல்லும். டெல்லார்ட்டோவில் அது துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில். இரண்டிலும் 100 என்றிருந்தாலும் ஒன்றல்ல.

மாட்டியபின் தீர்ப்பு சொல்வது ஸ்பார்க் பிளக். சற்று தூரம் ஓட்டிக் கழற்றினால் இளம்பழுப்பு நிறம் இருக்க வேண்டும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், பணம்தான் நஷ்டம். வெள்ளை வெளேரென்றிருந்தால் பெட்ரோல் குறைவு. இதுதான் ஆபத்து: எஞ்சின் சூடேறி பிஸ்டனே உருகக்கூடும். மைலேஜ் ஆசையில் ஜெட்டைச் சிறிதாக்குபவர்கள் மறப்பது இதைத்தான்.

புகைச் சோதனையும் ஒரு சாட்சி. 2000-க்கு முந்தைய இரு சக்கர வண்டிகளுக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 சதவிகிதம். ஒழுங்காக டியூன் செய்த புல்லட் இதைத் தாண்ட வேண்டியதில்லை.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் புது மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தை இன்ஜெக்‌ஷன் பிடித்துக்கொண்டது. அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகளும் குறையும். பழைய வண்டிக்காரர் 28-க்கு விலை கேட்குமுன் 24-ஐ ஒருமுறை கழுவிப் பார்ப்பது நல்லது.