ஆஸ்பத்திரி விளையாட்டை ஆடும் முறை

கணினி விளையாட்டு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ் சுளிக்கும் பெரியோர் நம் கல்லூரியில் பலர் உளர். அவர்களை யான் குறை கூறேன். விடுதியில் விளக்கணைந்த பின்னும் திரையின் ஒளியில் விழித்திருக்கும் மாணாக்கரை அவர்கள் எத்தனையோ முறை கண்டிருக்கின்றனர். ஆயினும் அவ்விளையாட்டுக்களுள் ஒன்று, ஆடும் முறையறிந்து ஆடுவார்க்குப் பிரயோசனமுடையது என்பது என் அபிப்பிராயம். ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவைக் கண்முன் நிறுத்தும் விளையாட்டே அது.

செக் நாட்டு ஆக்ஸிமோரான் கேம்ஸ் என்னும் குழுவினர் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘புராஜெக்ட் ஹாஸ்பிடல்’ என்பதை எடுத்துக்கொள்வோம். அதிலே சுவரெழுப்பலாம், கட்டிலிடலாம், செவிலியரை நியமிக்கலாம், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோடு ஒப்பந்தமுஞ் செய்யலாம். நம் மாணாக்கர் பெரும்பாலும் இவற்றிலேயே மூழ்கிப் பொருளீட்டுகின்றனர். கட்டடம் அழகாக நிற்கும். உள்ளே நோயாளி மயங்கி விழுவான்! நோயாளி ஒருவனைத் தேர்ந்து, டாக்டரின் பொறுப்பைத் தாமே ஏற்று நடத்தும் வசதியும் அவ்விளையாட்டில் உண்டு. புதிதாக ஆடுவோர் கட்டடத்தை விட்டு அதனையே முதற்கண் பயிலல் வேண்டும்.

வந்தவன் தானே சொல்லும் குறிகள் சிலவே. மறைந்து கிடப்பன வினாவியும், உடலைத் தொட்டுப் பார்த்தும், இரத்தத்தைச் சோதித்தும், எக்ஸ்-ரே எடுத்தும் ஒவ்வொன்றாக வெளிப்படும். அவை வெளிப்பட வெளிப்பட, இன்ன நோயாயிருக்கலாம் என்னும் பட்டியல் குறுகிக்கொண்டே வரும். எல்லாச் சோதனைகளையும் ஒருங்கே ஏவுதல் பேதைமை. பின்வருவோர் காத்துக் கிடப்பர். அதனினும் கொடிது, முதற்குறியைக் கண்டதும் நோய் இன்னதெனத் துணிந்துவிடுதல்.

மெய்யான அவசரப் பிரிவில் நோயின் பெயரைத் தேடுமுன், மூச்சுக்குழல் திறந்துள்ளதா, மூச்சு இயங்குகின்றதா, குருதி ஓடுகின்றதா என்று இவ்வரிசையிலேயே பார்ப்பர். திரையின்முன் அமர்ந்தவனும் இவ்வரிசையை மனத்திற் கொள்ளுதல் நன்று. அலறுகின்றவனுக்கு அலறுதற்கேனும் மூச்சு உண்டு. ஓசையின்றிச் சுவரோரம் சாய்ந்திருப்பவனிடம் முதலிற் செல்க.

இவ்வாறு ஆடுவதாற் பயன் உண்டோ எனின், உண்டு. ஐக்கிய அமெரிக்க நாட்டுப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து மருத்துவர் தீபிகா மோகனும் அவர்தம் குழுவினரும் ‘நைட் ஷிஃப்ட்’ என்றொரு விளையாட்டை ஆக்கினர். சிற்றூர் ஆஸ்பத்திரியொன்றின் அவசரப் பிரிவில் வேலை ஏற்கும் இளம் டாக்டர் அதன் கதாநாயகன். காயமுற்று வருவோருள் எவரைப் பெரிய சிகிச்சை நிலையத்திற்கு அனுப்புவது என்பதே அவன் தீர்க்கவேண்டிய வினா. 368 டாக்டர்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு அவ்விளையாட்டையும், மற்றையோர்க்குப் பாடஞ் சொல்லும் செயலிகளையும் கொடுத்துப் பின்பு சோதித்தனர். அனுப்ப வேண்டியவரை அனுப்பாது விட்ட பிழை, பாடம் படித்தாரிடத்து நூற்றுக்கு 64, விளையாடினாரிடத்து 53. இம்முடிவு 2017-இல் பி.எம்.ஜே. என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. 53 என்பதும் சிறு பிழையன்று. அதனை மறைத்துப் புகழ்தல் தகாது. ஆயினும் தேர்ந்த டாக்டர்களே இத்துணை பிழைப்பர் எனின், ஓரிரவில் ஆடி எல்லாம் அறிந்தோம் என்று எழுந்திருக்கும் நம்மைப் பற்றி என் சொல்வது?

நிற்க. நோயாளி இறந்ததும், முன் சேமித்துவைத்த இடத்திற்கு ஓடித் திரும்ப ஆடுவதே மாணாக்கர் வழக்கம். விடையைப் பிறரிடம் கேட்டு ஆடுவாரும் உளர். இவ்விரண்டும் ஆட்டத்தின் உயிரைப் போக்குவன. தோற்ற இடத்திலேயே நின்று, எக்குறியைக் காணத் தவறினேன், அப்பொழுது எவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒரு தாளில் எழுதி வைத்தல் வேண்டும். இவ்வாறு நூறு தாள் எழுதியவனும் டாக்டராகிவிடான். வழியில் ஒருவர் மயங்கி வீழ்ந்தால் ஆம்புலன்ஸை அழைப்பதே அவன் கடன்.

யான் எழுதிய முதற்றாளில் வயிற்றுவலியென்று வந்த முதியவர் ஒருவர் இருக்கின்றார். காலொடிந்து கூவிய இளைஞனுக்கு எக்ஸ்-ரே எடுக்க யான் விரைந்த பொழுதில் அவர் பேசாதிருந்தார், பின்பு விழுந்தார். கணினி தானே படைத்த பெயர்தான் அவருடையது. எனினும் இன்றளவும் எனக்கு அது மறக்கவில்லை.