மயிரிழை வித்தியாசம்

அமெரிக்காவில் வேட்டையில் நாட்டமுள்ள முதியவர் ஒருவர் காலமானால், அவர் வீட்டுக் கார் ஷெட்டில் பெரும்பாலும் ஒரு காபி டப்பா மிஞ்சும். உள்ளே நூறு, இருநூறு துப்பாக்கிக் குண்டுகள். வெறும் குண்டுகள்தான், முழுத் தோட்டாக்கள் அல்ல. லேபிள் கிடையாது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை. பழைய சாமான் விற்பனையில் சொற்ப விலைக்கு அதை வாங்கிப் போகிறவருக்கு ஒரே கேள்வி: இவை எந்தத் துப்பாக்கிக்கு?

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை அங்கே பலர் தூக்கி எறிவதில்லை. புதிய கேப், புதிய மருந்து, புதிய குண்டு வைத்துத் திரும்ப நிரப்புகிறார்கள். லட்சக்கணக்கானவர்களுக்கு இது பொழுதுபோக்கு, செலவும் மிச்சம். (இந்தியாவில் தோட்டா தயாரிப்பதற்கே 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும்.) எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து என்பதைக் குண்டுத் தயாரிப்பாளர்கள் தடித்த புத்தகங்களாகவே வெளியிடுகிறார்கள். குண்டின் ஜாதகம் தெரியாவிட்டால் அந்தப் புத்தகத்தால் பயனில்லை. வேட்டைக்காரர்களிடையே பிரபலமான 308 வின்செஸ்டர் தோட்டா வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை போகும். கார் டயரில் இருப்பது முப்பது சொச்சம். சுடுகிறவரின் கன்னத்துக்கும் இந்த அழுத்தத்துக்கும் நடுவே இருப்பது ஓர் எஃகுத் தாழ்ப்பாள் மட்டுமே.

முதல் சிக்கல், பெயர்கள் பொய் சொல்வது. நம் போலீசாரின் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கிய ‘திரீ நாட் திரீ’யை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குண்டின் குறுக்களவு 0.303 அங்குலம் அல்ல, சுமார் 0.311. குழலுக்குள் மேடும் பள்ளமுமாகச் சுருள் வரிகள் ஓடுகின்றன. பெயரில் இருப்பது மேட்டுக்கு மேடு அளந்த கணக்கு. குண்டோ பள்ளத்தையும் நிரப்ப வேண்டும். சரி, 303 என்றாலே 0.311 என்று எழுதிவைத்துக்கொள்ளலாமா? அதுவும் முடியாது. 303 சாவேஜ் என்று ஓர் அமெரிக்கத் தோட்டா உண்டு. அதன் குண்டு 0.308. இரண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் கனம். சின்னக் குண்டு பெரிய குழலில் போனால் குறி தவறும், அவ்வளவுதான். பெரிய குண்டைச் சின்னக் குழலில் திணித்தால் அழுத்தம் எகிறும். போதாக்குறைக்கு, 1960களில் நம் இச்சாப்பூர் தொழிற்சாலை அதே பழைய லீ-என்ஃபீல்டு தோற்றத்தில் 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கியைத் தயாரித்தது. பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும், ஆனால் தம்பிக்கு வேண்டியது 0.308 குண்டு.

இந்தக் குழப்பத்தில் ஜெர்மானியர்களை மிஞ்ச ஆளில்லை. 1888ஆம் வருடத்து ராணுவத் துப்பாக்கிக்குக் குண்டு 0.318 அங்குலம். 1905இல் கூர்முனைக் குண்டு வந்தபோது அளவு 0.323 ஆனது. பழைய துப்பாக்கிகள் பலவற்றை மாற்றியமைத்து ‘எஸ்’ என்று முத்திரை குத்தினார்கள். இரண்டுமே பேச்சு வழக்கில் 8 மில்லிமீட்டர் மௌசர்தான். யாரிடம் எந்தத் துப்பாக்கி இருக்கிறதோ என்ற பயத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் இன்றும் இந்தத் தோட்டாவை வேண்டுமென்றே மென்மையாக நிரப்புகின்றன. நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு மாற்றத்துக்கு இவ்வளவு மரியாதை!

ஆகவே மைக்ரோமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. அளக்க வேண்டிய இடமும் முக்கியம். குண்டின் பின்பகுதி படகு போலக் குறுகியிருந்தால் அங்கே அளப்பது வீண். நேரான நடுப்பகுதியில்தான் உண்மையான அளவு கிடைக்கும். ஒன்றை அளந்து திருப்தி அடைவதும் ஆபத்து. டப்பாவுக்குள் ஒரே ஜாதிதான் இருக்கிறது என்று யார் சொன்னது?

அடுத்தது தராசு. இந்த உலகில் எடை கிராமில் இல்லை, கிரெய்னில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். நம்மவர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஒரு சவரன் சுமார் 123 கிரெய்ன். ஏ.கே. 47 குண்டின் எடையும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு சவரனும் ஓர் உயிரும் ஒரே எடை என்று விரும்பியவர்கள் தத்துவம் பேசிக்கொள்ளலாம். தராசின் பயன் வேறு. ஏ.கே. குண்டும் திரீ நாட் திரீ குண்டும் மைக்ரோமீட்டரில் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். தராசில் ஒன்று 123, மற்றது 174. சந்தேகம் அங்கே தீர்ந்துவிடும்.

அந்த 174 கிரெய்ன் குண்டுக்குள் இன்னொரு ரகசியமும் உண்டு. 1910இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட ‘மார்க் 7’ ரகத்தில் முனைக்குள் ஈயம் கிடையாது. அலுமினியம், சில சமயம் மரக்கூழ். கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் உருவான மென்முனைக் குண்டு போன்றவற்றுக்கு 1899இல் ஹேக் மாநாடு தடை போட்டது. முழு உறை போட்ட மார்க் 7 சட்டத்தின் எழுத்தை மீறவில்லை. ஆனால் பின்பாரம் அதிகமானதால் உடலுக்குள் புகுந்ததும் குட்டிக்கரணம் போட்டது. சட்டத்தை வளைப்பதில் ராணுவங்களுக்கு இருக்கும் சாமர்த்தியமே தனி. இன்று அதே அலுமினிய முனை, குறுக்கே அறுத்துப் பார்க்கிறவருக்கு அடையாளச் சீட்டு.

ஆனால் அறுப்பதற்கு முன்னால் முனையைப் பார்க்க வேண்டும். அமெரிக்க ராணுவத்தில் கருப்பு வண்ணம் பூசிய முனை கவசம் துளைப்பதற்கு, நீலம் தீ மூட்டுவதற்கு, ஆரஞ்சு ஒளிக்கோடு காட்டுவதற்கு. வேறு நாடுகளில் நிறங்களின் அர்த்தமே வேறு. வண்ணம் தெரிந்தாலே ரம்பத்தைக் கீழே வைப்பதுதான் புத்தி. இத்தனைக்கும் எல்லா நிறமும் ஆபத்தின் அடையாளம் அல்ல. நாஸ்லர் நிறுவனத்தின் வேட்டைக் குண்டில் முனையே பச்சை பிளாஸ்டிக்காக இருந்தால், 30 காலிபர் என்று அர்த்தம். சிவப்பு என்றால் 7 மில்லிமீட்டர். பிளாஸ்டிக்கா பெயின்ட்டா என்று நகத்தால் சுரண்டினாலே தெரிந்துவிடும்.

காந்தமும் உதவும். ஒட்டினால் உள்ளே எஃகு. அது வெளி உறையா, நடுவிலுள்ள கருவா என்பது அரத்தால் லேசாகத் தேய்த்தால் தெரியும். தாமிரப் பூச்சுக்குக் கீழே சாம்பல் நிறம் தெரிந்தால் உறைதான்.

வடிவத்தையும் அலட்சியம் செய்வதற்கில்லை. பழைய வின்செஸ்டர் 94 ரகத் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டு வைத்தால், அந்த முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் கேப் மீது உட்காரும். துப்பாக்கி பின்னால் உதைக்கும் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். அதனால்தான் அதற்கான குண்டுகள் மொட்டை முனையோடு வருகின்றன. மொட்டை முனை, 0.308, 170 கிரெய்ன் என்றால் அநேகமாக 30-30 தோட்டாவுக்கானதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓர் ஓட்டை இருக்கிறது. அளவும் எடையும் ஒத்துப்போன இரண்டு குண்டுகளில் ஒன்று ஈயக் கரு, மற்றது முழுத் தாமிரமாக இருக்கலாம். தாமிரம் லேசானது என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளமான குண்டு கூட்டுக்குள் மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தக் கணக்கு மாறும். புத்தகத்தில் ஒரு குண்டுக்குக் கொடுத்த மருந்தளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. அனுபவசாலிகள் இப்படிப்பட்ட குண்டுகளுக்கு மிகக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். அதிலும் அனுபவசாலிகள், ஐம்பது ரூபாய்க் குண்டை மிச்சம் பிடிக்க ஐம்பதாயிரம் ரூபாய்த் துப்பாக்கியைப் பணயம் வைக்கமாட்டார்கள்.

மிஞ்சியதை உருக்கி ஈயமாக்கலாம் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. ஒளிக்கோட்டுக் குண்டு ஒன்று கலந்திருந்தால் சட்டியிலேயே பற்றிக்கொள்ளும். பெயர் தெரியாதவற்றை ஒரு டப்பாவில் தனியாகப் போட்டு, உள்ளூர் போலீசிடம் ஒப்படைத்துவிட்டால் அந்தக் கவலையும் விட்டது.