அரைக்கால் அறிந்த பிள்ளையை அறிவிலி ஆக்குவதா?

கடையம் வட்டாரத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் தாய்மார் பலர். 25 கொண்டது ஒரு கட்டு. 40 கட்டு ஓராயிரம். ஆயிரத்துக்கு இன்ன கூலியெனின், 30 கட்டுக்கு முக்கால் கூலி என்பதை அவர்தம் பிள்ளைகள் எழுதுகோல் இன்றியே சொல்லிவிடுவர். அதே பிள்ளையை ஏழாம் வகுப்பில் நிறுத்தித் 'திரீ பை போர்' என்றால் திகைத்து விழிக்கும். உடனே, 'கணக்கில் பின்தங்கியவன்' என்று பெயர் சூட்டிவிடுகின்றனர்! பின்தங்கியது பிள்ளையா, கற்பிக்கும் முறையா?

குறை இல்லையென்று எவரும் கூறார். 2024-ஆம் ஆண்டின் 'ஏசர்' ஆய்வறிக்கைப்படி, இந்தியச் சிற்றூர்களில் எட்டாம் வகுப்புப் பயில்வோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 46 பேரே மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க வல்லவர். தமிழக அரசும் தொடக்க வகுப்புகளுக்கு 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தையும், 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்கு 2025-இல் 'திறன்' திட்டத்தையும் கொணர்ந்தது. நோக்கம் நன்றே. ஆனால், அந்தத் 'திறன்' என்னும் பெயரும் ஆங்கிலச் சொற்களின் தலையெழுத்துகளைக் கோத்துக் கட்டியதாம்! தமிழ்ச்சொல்லுக்கும் ஆங்கிலம் முட்டுக்கொடுக்க வேண்டுமா?

புண்ணுக்கு மருந்திடும் கை, தைத்த முள்ளைப் பிடுங்க வேண்டாவா? 2012–13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருக்கினர். வீட்டில் ஒரு மொழி, கணக்கில் ஒரு மொழி என்றால் பிள்ளை எதைத்தான் எண்ணும்?

தமிழின் சிற்றிலக்கப் பெயர்களைப் பாருங்கள். காலில் அரை அரைக்கால். அஃது எட்டில் ஒன்று. அரைக்காலில் பாதி வீசம். அது பதினாறில் ஒன்று. இருபதில் ஒன்று மா. மாவில் கால் காணி, எண்பதில் ஒன்று. காணியில் கால் முந்திரி, 320-இல் ஒன்று. 'ஒன் பை எய்ட்' என்பது நெட்டுருப் போடும் ஒலி. 'அரைக்கால்' என்பதோ பெயருக்குள்ளேயே பெருக்கலைச் செய்து காட்டும் சொல்! திண்ணைப் பள்ளியும் எண்சுவடியும் காரிநாயனாரின் கணக்கதிகாரமும் வளர்த்த செல்வம் இது.

'தமிழ்வழிப் பிள்ளைகளும் தடுமாறுகின்றனரே' என்பர் சிலர். ஆம், தடுமாறுகின்றனர். ஆசிரியர் பற்றாக்குறையும் வறுமையும் அதற்குக் கரணியங்களே. ஆயினும், தமிழ்வழி நூலிலும் 'பின்னம்', 'விகிதம்', 'சதவீதம்' என வடசொற்களே வரவேற்கின்றன. வீட்டில் வழங்கும் அரையும் காலும் அரைக்காலும் வாயிலில் நிறுத்தப்படுகின்றன. தமிழ்வழி என்று பலகை எழுதினால் போதுமா? சொல்லும் தமிழாக வேண்டாவா?

தாய்மொழியே கற்பிக்கச் சிறந்த மொழியென 1953-லேயே யுனெசுகோ அறிக்கை உரைத்தது. 1918 முதல் ஈராண்டளவு கடையத்தில் வாழ்ந்த பாரதியாரும் எல்லாப் பாடங்களையும் தமிழில் கற்பிக்க வேண்டுமென எழுதியவரே. உலகும் ஊரும் உரைத்தும் ஆள்வோர் செவியில் ஏறவில்லையே!

ஆகவே, செய்யத்தக்கன மூன்று. குறைதீர் பயிற்சி, எந்தப் பிரிவினர்க்கும் தமிழிலேயே நடைபெறுக! ஆறாம் வகுப்பில் சிற்றிலக்கம், அரை, கால், அரைக்கால், வீசம் என்பவற்றிலிருந்து தொடங்குக! அரசுப் பள்ளி ஆங்கிலவழிப் பிரிவுகள் படிப்படியே மூடப்படுக!

தமிழ்ப் பெற்றோரே! பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்களுக்கு இருக்கை உண்டு, வாயும் உண்டு. அடுத்த கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள். எட்டாம் வகுப்பைக் கடக்கும்போதும் வகுத்தல் அறியாப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு இரங்காது. காலம் கடந்தபின் கண்ணீர் வடித்துப் பயனில்லை!