நாவில் ஒட்டுவதும் தாளில் ஒட்டுவதும்



சாயத்தண்ணி குடித்த பிறகு நாவில் நிற்கும் துவர்ப்பு எப்படி வருகிறது தெரியுமா? தேயிலைக் கொழுந்தில் உள்ள பொலிபீனோல்கள் எச்சிலின் புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன. நாக்கு வறண்டு இறுகுகிறது. பால் ஊற்றினால் பாலின் புரதம் முந்திக்கொண்டு அவற்றைப் பிடித்துவிடும், துவர்ப்பு தணியும். மூலக்கூறுகள் ஒட்டுவதை நாவால் அறிகிறோம். அதை மின்னோட்டத்தால் அறியும் கருவியைப் பற்றித்தான் இம்மாதம் பேசப் போகிறேன்.

கிராபீன் என்பது ஒரே ஓர் அணுத் தடிப்புள்ள காபன் தாள். பென்சில் காரீயம் இத்தகைய தாள்களின் அடுக்கு. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 30 லட்சம் தாள்கள் இருக்கும். 2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அந்திரே கெய்மும் கொன்ஸ்டன்டின் நொவோசெலொவும் ஒட்டுநாடாவால் உரித்து உரித்தே ஒற்றைத் தாளைப் பிரித்தார்கள். 2010இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தத் தாளில் எல்லா அணுக்களும் மேற்பரப்பிலேயே இருப்பதால், மேலே எது ஒட்டினாலும் அதில் பாயும் மின்னோட்டம் மாறும். ஒரு நோய்க்குரிய பிறபொருளெதிரியை அதில் பதித்துவைத்தால், அந்நோயின் புரதம் வந்து பற்றியதும் அதன் மின்னேற்றத்தைத் தாள் உணரும். 2020இல் தென்கொரிய விஞ்ஞானிகள் கொரோனா வைரஸை இப்படிக் கண்டறிந்து காட்டினார்கள்.

குருதியில்தான் சிக்கல். அதிலுள்ள உப்பு, ஒரு நனோமீட்டருக்கு அப்பாலுள்ள ஏற்றத்தைத் தாளிடமிருந்து மறைத்துவிடுகிறது. பிறபொருளெதிரியோ சுமார் 10 நனோமீட்டர் அளவு. தேடிய புரதம் வந்து பற்றினாலும் தாளுக்குத் தெரியாமலே போகலாம். அதனால் மாதிரியை நீர்க்கச் செய்கிறார்கள். அல்லது பிறபொருளெதிரியின் சிறு துண்டை மட்டும் பதிக்கிறார்கள். தேடாத புரதங்களும் சும்மா இருப்பதில்லை, வந்து ஒட்டும். அவற்றுக்கு இடமில்லாதபடி தாளின் வெற்று இடங்களை மூடவேண்டும். கிராபீனைப் பார்த்து வியந்தது போதும், இனி உழைப்பு முழுவதும் இங்கேதான் தேவை என்பது என் எண்ணம்.

இதில் நமக்கு உரிமையும் உண்டு, தேவையும் உண்டு. நரம்பு நரம்பாய்ப் பாறைக்குள் ஓடும் காரீயம் வணிக அளவில் கிடைப்பது உலகிலேயே இலங்கையில்தான். போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் பெயரை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஹோமாகமவிலுள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம் அந்தக் காரீயத்திலிருந்து கிராபீன் செய்யும் பணியில் ஈடுபட்டிருக்கிறது. ஆனால் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் காய்ச்சலோடு கிடக்கும் அம்மா, குருதிப் பரிசோதனைக்கு டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ இறங்கவேண்டியிருக்கிறது. போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், கிடையாது. தோட்ட டிஸ்பென்சரி மேசையிலேயே ஒரு துளிக் குருதியில் முடிவு சொல்லும் கருவி யாருக்கு முதலில் வேண்டும் என்று கேட்டால், நான் அந்த அம்மாவைத்தான் காட்டுவேன்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளே, இதைப் பற்றிய உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள். பௌதிகவியல் படிப்பவரும் உயிரியல் படிப்பவரும் சேர்ந்து எழுதினால் இன்னும் மகிழ்வேன். இக்கருவிக்கு இருவருமே வேண்டும். அடுத்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் உங்களுக்கே.

அன்புடன்,
ஆசிரியர்