பட்ட மரத்தையும் விட்டு வையுங்கோ

பட்ட மரம் எண்டால் எங்களுக்கு விறகு. அதைத் தாண்டி யோசிக்கிறதில்லை. ஆனால் செத்த பைன் மரம் இல்லாட்டி வாழவே முடியாத ஒரு வண்டு இருக்கிறது.

ஆபிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் சமுத்திரத்தில், ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகள் இருக்கின்றன. அங்குள்ள ஒரு நீள்கொம்பு வண்டின் விஞ்ஞானப் பெயர் அர்ஹோபாலஸ் பைனெட்டோரம். 1863இல் வொலஸ்டன் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் அதை விவரித்துப் பெயர் வைத்தார். அதன் புழுக்கள் செத்த பைன் மரத்தைக் குடைந்து தின்றுதான் வளர்கின்றன. உலகத்தில் வேறெங்கும் இந்த வண்டு இல்லை. அங்கே அழிந்தால், முழுசா அழிந்த மாதிரித்தான்.

எங்கட மலையகத்தில் நிற்கிற பைன், கரிபியன் பக்கத்து இனம்; கொண்டுவந்து நட்டது. கனேரிப் பைன் அப்படியில்லை, அது அந்தத் தீவுகளின் சொந்த மரம். தடித்த பட்டை அதற்குக் கவசம். காட்டுத் தீயில் கருகினாலும் தண்டிலிருந்தே திரும்பத் துளிர்க்கும். 2023 ஆகஸ்டில் டெனெரிஃபே தீவில் ஆயிரக்கணக்கான ஹெக்டயர் காடு எரிந்தது. இப்படியொரு தீக்குப் பிறகு "காட்டைத் துப்புரவாக்குவோம்" எண்டு வாளோடு போனால் இரண்டு பிழை நடக்கும். கருகி நிற்கிற உயிருள்ள மரத்தையும் வெட்டிவிடலாம். உண்மையாகச் செத்ததை அகற்றினால், வண்டின் வீடும் சாப்பாடும் போய்விடும். வண்டோடு முடியாது; அங்குள்ள மரங்கொத்தி பட்ட பைனைக் கொத்தித்தான் கூடு வைக்கிறது, அதற்குள் இருக்கிற புழுக்களையும் தேடித் தின்கிறது.

காய்ந்த மரம் அடுத்த தீக்கு எரிபொருள்தானே எண்டு கேட்கலாம். நியாயமான பயம். வீடுகளுக்கும் வீதிகளுக்கும் பக்கத்தில் நிற்பதை அகற்றத்தான் வேணும். அதற்காக உள்காட்டில் ஒரு கட்டைகூடக் கிடக்கக்கூடாதா?

காடு எங்கட வீட்டு முற்றமில்லை, கூட்டிப் பெருக்கி வைக்க. பச்சையாக நிற்கிறதை மட்டும் எண்ணிக் காட்டைக் காப்பாற்றினோம் எண்டு சொல்லேலாது. விழுந்து உக்கிக்கொண்டிருக்கிற மரமும் அந்தக் கணக்கில் வரவேணும்.