ஒரே தடவை கிட்டும் வாய்ப்பு

இந்திய விமானப்படையில் விமானியாக விரும்பும் இளைஞர்களுக்கான வழிகாட்டிகள் சிலவற்றை அண்மையில் வாசித்தேன். எழுத்துப் பரீட்சையில் தேறியவர்களைத் தேர்வுச் சபை ஐந்து நாட்கள் வரை ஆராய்கிறது. முதல் நாளிலேயே பலர் திருப்பி அனுப்பப்படுகின்றனர். உளவியற் பரீட்சையில் 60 சொற்கள் ஒவ்வொன்றாகக் காட்டப்படும். ஒவ்வொன்றுக்கும் 15 விநாடிகளில் ஒரு வாக்கியம் எழுதவேண்டும். மனத்தில் முதலில் உதிப்பதை அறியவே இந்த ஏற்பாடு. அதற்கும் ஆயத்த வாக்கியங்களை மனனஞ் செய்து செல்வோர் உளர் என்பதுதான் வேடிக்கை.

விண்ணப்பதாரி தன்னைப் பற்றி நிரப்பிக் கொடுக்கும் படிவத்திலிருந்தே நேர்முகத் தேர்வில் கேள்விகள் பிறக்கின்றன. ஆடாத விளையாட்டையும் படிக்காத நூலையும் அதில் எழுதியவர் இரண்டாவது கேள்வியிலேயே அகப்படுவார். விமானம் செலுத்தும் இயல்திறனை அளக்கும் கணினிப் பரீட்சையோ வாழ்நாளில் ஒரே தடவைதான்.

பத்திரிகை அலுவலகத்தில் எத்தனையோ விண்ணப்பங்களைப் பார்த்தவன் நான். அலங்காரம் மிகுந்தவற்றில் ஆளைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும். எங்கள் தொழிலில் பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்தம் வெளியிடலாம். வானில் அதற்கு இடமில்லை. தன்னை உள்ளபடி எழுதப் பழகுவதே விமானியின் முதற் பயிற்சி என்பேன்.