கணுக்காலை மாத்தணுமா, ஒட்டணுமா?

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் இன்றைக்கு தெருவுக்கு ஒருவர் செய்துகொள்கிற விஷயம். 2000-ல் வாஜ்பாய் பிரதமராக இருக்கும்போதே மும்பையில் செய்துகொண்டதை நாடே பேப்பரில் படித்தது. ஆனால் கணுக்கால் மூட்டையும் மாற்றலாம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டவுடன் வருகிற அடுத்த வார்த்தை, "அப்புறம் என்ன, மாத்திட வேண்டியதுதானே!"

அங்கேதான் சிக்கல்.

முழங்காலும் இடுப்பும் பெரும்பாலும் வயதாகித் தேய்கின்றன. கணுக்கால் அப்படி இல்லை. அதில் ஆர்த்ரைட்டிஸ் வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு பழைய எலும்பு முறிவோ, திரும்பத் திரும்ப பிசகிய காலோதான் காரணம். இருபது வயதில் பைக்கிலிருந்து விழுந்தது நாற்பத்தைந்தில் வந்து கதவைத் தட்டும். அதாவது, ஆபரேஷன் டேபிளுக்கு வருகிறவர் இன்னும் ஓடியாடி வேலை பார்க்கிற ஆள்.

பி.காம் மக்களுக்கு இது சட்டென்று புரியும். மெஷின் வாங்கினால் தேய்மானம் போடுகிறோம் அல்லவா? செயற்கை மூட்டுக்கும் அதே கணக்குதான், நிஜமாகவே தேய்கிறது! கால் எலும்பின் அடியில் ஒரு உலோகத் தகடு, கீழே தாலஸ் எலும்பின் மேல் ஒரு உலோகத் தொப்பி, நடுவில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். நடக்கும்போது உடம்பு எடையைப்போல் பல மடங்கு பாரம் அந்தச் சின்ன இடத்தில்தான் இறங்குகிறது. 75 வயதுக்காரருக்குப் பதினைந்து வருஷம் உழைத்தால் போதும். 45 வயதுக்காரருக்குப் போதாது. பத்து வருஷத்துக்குள் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்காவது திரும்பத் திறக்க வேண்டி வருகிறது. முழங்கால் இதைவிட எவ்வளவோ தேவலை.

சரித்திரமும் அவ்வளவு சுகமில்லை. ஜான் சார்ன்லி இங்கிலாந்தில் 1962-லேயே இடுப்பு மாற்று ஆபரேஷனை உருப்படியாக்கிவிட்டார். கணுக்காலில் முயற்சி 1970-ல் பிரான்சில் தொடங்கியது. சிமெண்ட் வைத்துப் பதித்த அந்த முதல் தலைமுறை மூட்டுகள் தளர்ந்துபோக, பல டாக்டர்கள் கையை உதறிவிட்டார்கள். பிறகு டிசைன்கள் தேறின. டென்மார்க்கில் பிறந்த 'ஸ்டார்' மூட்டுக்கு 2009-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. அதே எஃப்.டி.ஏ. 2021-ல், அதன் பிளாஸ்டிக் பாகம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உடைகிறது என்று எச்சரிக்கையும் விட்டது.

இன்னொரு வழி ஃபியூஷன். மிச்சமிருக்கிற குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு எலும்பையும் ஸ்க்ரூ போட்டு ஒட்டிவிடுவது. மூட்டு அசையாது, வலியும் போய்விடும். கேட்டவுடன் முகம் சுளிக்கிறோம். "காலை மடக்க முடியாதா?" பாதத்தின் மற்ற மூட்டுகள் ஓரளவு ஈடுகட்டும், ஆனால் வருஷங்கள் போகப்போக அவையும் தேயலாம். பேரிலேயே ஃபியூஷன் தோற்றுவிடுகிறது. 'மாற்று' என்றால் புதுசு, 'ஒட்டு' என்றால் ஏதோ பஞ்சர் கடை சமாச்சாரம்!

ஆனால் பிரிட்டனில் இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். டார்வா என்ற ஆய்வு. 17 அரசு மருத்துவமனைகள், 50 முதல் 85 வயதுக்குள் 303 பேர், யாருக்கு எது என்பதைக் குலுக்கல் மாதிரி தீர்மானித்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கமும் நன்றாகத் தேறியிருந்தார்கள். நடப்பதிலும் நிற்பதிலும் மாற்று மூட்டுக்காரர்கள் லேசாக முன்னே இருந்தாலும், அது நிச்சயமாக வித்தியாசம்தான் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. மாற்றியவர்களுக்குக் காயம் ஆறுவதில் தொல்லை அதிகம். ஒட்டியவர்களில் 12 சதவீதம் பேருக்கு எலும்பு சேரவில்லை, அவர்களிலும் எல்லோருக்கும் அது தொந்தரவு தரவில்லை.

ஆக, 'புதுசுதான் பெஸ்ட்' என்ற பேச்சுக்கு ஆதாரம் இன்னும் பலமாக இல்லை. அறுபதைத் தாண்டியவர், இரண்டு கணுக்காலும் கெட்டவர், பக்கத்து மூட்டுகளும் தேய்ந்தவர் இவர்களுக்கு மாற்று மூட்டு நியாயமான தேர்வு. மூட்டை தூக்குகிற நாற்பது வயதுக்காரருக்கு ஃபியூஷன்தான் சரி. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி போனவர்களுக்கு மாற்று மூட்டு பொதுவாக வேண்டாம் என்பார்கள்.

பணம்? 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு விலை உச்சவரம்பு வைத்தது நினைவிருக்கும். அது முழங்கால் மூட்டுக்கு மட்டும். கணுக்காலுக்கு இல்லை. முதல் ஆபரேஷனுக்கு பில் போடும்போதே, பத்து பன்னிரண்டு வருஷம் கழித்து வரக்கூடிய இரண்டாவது ஆபரேஷனுக்கும் யார் பணம் கட்டுவது என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். கூடவே இன்னொரு கேள்வி: "டாக்டர், வருஷத்துக்கு இதை எத்தனை பேருக்குச் செய்றீங்க?"